தோலோவா குடும்பத்தின் கீழே

திரையில் அந்த ஒரு வரி மட்டும் இருக்க வேண்டிய இடத்தைவிட ஒரு விரற்கடை உள்ளே தள்ளியிருந்தது.

விலியாமு கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பப் பார்த்தான். ஐந்து மணிகூட ஆகவில்லை, மாங்கரே புறநகர் அதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரையில் மழை நிறுத்தும் எண்ணமே இல்லாமல் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்களின் இரைச்சல்கூட அதற்குள் அமுங்கிப் போயிருந்தது. சமையலறை மேசையில் லேப்டாப், பக்கத்தில் ஆடை படிந்து ஆறிப்போன கோக்கோ. அடுப்புக்குள் பானி போபோ பன்கள் சூடாகிக்கொண்டிருந்தன, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்ந்து கொதிக்கிற அந்த மணம் வீடு முழுக்க இருந்தது. அதற்கு அடியில் நனைந்த கம்பளத்தின் வாடையும் இருந்தது. நாள்கணக்காக ஜன்னல் திறக்காத வீடு, வேறு எப்படி மணக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அவன் களைத்திருந்தான். தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை, எலும்புக்குள் குடியேறிவிட்ட களைப்பு. பகலெல்லாம் நகரத்துக் கம்பெனி ஒன்றுக்கு வலைத்தளம் கட்டிக் கொடுக்கிறான். அது போதாதென்று தேவாலய ஹாலில் நடக்கும் பிள்ளைகள் காப்பகத்துக்கு இந்த இலவச வேலை. மனைவி ஃபியா தன் அம்மாவின் சாவுக்குச் சாமோவாவிலுள்ள ஆப்பியாவுக்குப் போனவள், சடங்குகள் முடிந்து இன்னும் திரும்பவில்லை. ஆறு வயது லாங்கியை எழுப்பி, தலை பின்னி, ரொட்டி கட்டிக் கொடுத்து, பள்ளிக்கு அனுப்பி, மாலையில் காப்பகத்திலிருந்து கூட்டிவருவது வரை எல்லாம் அவன் ஒருவன்தான். தினமும் கடைசியாகப் போய் நிற்கும் அப்பாவும் அவன்தான். நாற்காலிகளை எல்லாம் அடுக்கி முடித்த ஹாலில், பையை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் மகளைப் பார்க்க அவனுக்கு வலிக்கும். அவள் குறை சொன்னதே இல்லை. அதுதான் இன்னும் வலித்தது. இன்றைக்கு முதல் ஆளாக வருவேன் என்று காலையில் சத்தியம் செய்து கொடுத்திருந்தான்.

காப்பகத்தின் சங்கடம் இதுதான்: சாமோவாக்காரர்கள் வீட்டுப் பிள்ளையைக் கூட்டிப்போக யார் வேண்டுமானாலும் வருவார்கள். அப்பா அம்மா வராவிட்டால் பெரியப்பா, இல்லாவிட்டால் அத்தை, அதுவும் இல்லாவிட்டால் அத்தை வீட்டுக்காரரின் தம்பி. ஒருவரும் அந்நியர் கிடையாது. யார் யார் கூட்டிப்போகலாம் என்பதை ஒரு டேப்லெட்டில் ஏற்றி வாசலில் மாட்டிவிட்டால், வருகிறவர் தன் பெயரைத் தொட்டுவிட்டுப் பிள்ளையை அழைத்துப்போகலாம் என்று சொன்னவன் விலியாமுதான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

பெயர்கள் எக்கச்சக்கம். ஊர், ஊருக்குள் குடும்பம், குடும்பத்துக்குள் ஆட்கள் என்று தகவல் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. அத்தனையையும் ஒரே டிராப்டவுனில், தொட்டால் விரியும் பட்டியலில், இறக்க வேண்டும். தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு, அதன் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளிப் பெயர்கள். பிரௌசர் தருவது அவ்வளவுதான். தலைப்புக்குள் இன்னொரு தலைப்பு வைக்க அது விடாது, காலில் விழுந்தாலும் விடாது. அதனால் ஊரையும் குடும்பத்தையும் ஒட்டி ஒரே தலைப்பாக்கியிருந்தான். 'சஃபோத்து - தோலோவா' என்பது அவன் குடும்பம். அதன் கீழே விலியாமு, ஃபியா, டெஸ்ட் அங்கிள்.

டெஸ்ட் அங்கிள் என்று ஒருவர் இல்லை. எதைக் கட்டினாலும் முதலில் ஒரு பொய் ஆளை உள்ளே விட்டு ஓட்டிப் பார்ப்பது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது. அடுத்தவர் குடும்பத்தில் இல்லாத ஆளைச் சேர்ப்பது மரியாதையில்லை என்று தன் குடும்பத்திலேயே சேர்த்துக்கொண்டான். படம் இல்லாமல் சேமிக்க முடியாது என்று அவன் எழுதிய ப்ரோகிராமே அடம்பிடித்தது. சரி போ என்று எல்லா இடத்திலும் பார்க்கிற அந்தச் சாம்பல் நிற உருவத்தை, முகமில்லாத தலையும் தோளும் மட்டும் உள்ளதை, போட்டுவிட்டான். நேற்று இரவே எடுத்திருக்க வேண்டும். நாற்காலியிலேயே தூங்கிவிட்டான்.

இப்போது டெஸ்ட் அங்கிளுக்குக் கீழே, அவரைவிட உள்ளே தள்ளி, ஒரு வெற்று வரி இருந்தது.

பிரௌசர் எதையும் வைக்க விடாத இடம் அது. சுட்டியை அதன்மேல் கொண்டுபோனான், நீலமாக ஒளிர்ந்தது. பெயரில்லாத வரி, ஆனால் தேர்ந்தெடுக்கலாம் என்று காத்திருந்தது. தகவலைத் திறந்து பார்த்தான். டெஸ்ட் அங்கிளுக்குக் கீழே யாரும் இல்லை. பக்கத்தைப் புதுப்பித்தான். வெற்று வரி இரண்டாகியிருந்தது. இரண்டாவது, முதலாவதைவிட இன்னும் உள்ளே.

போன் அடித்தது. காப்பகத்தை நடத்தும் சலோமே ஆன்ட்டி. ஊரில் பாதிப் பேரைத் தூக்கி வளர்த்தவர், மீதிப் பேரை அதட்டி வளர்த்தவர்.

"விலியாமு, உன் டப்பா வேலை செய்யுதுடா. எனக்கே நம்ப முடியல."

"நல்லது ஆன்ட்டி."

"என்ன குரல் இது, செத்தவன் மாதிரி? சாப்பிட்டியா இல்லையா?"

"சாப்பிட்டேன். ஆன்ட்டி, அதுல ஒரு சின்ன தப்பு இருக்கு. ஒரு நிமிஷத்துல எடுத்துடறேன்."

"இப்ப எதையும் தொடாத. இப்பதான் ஒவ்வொருத்தரா வந்து விரல வச்சுப் பழகுறாங்க. நடுவுல நீ கைய வச்சு நின்னு போச்சுன்னா, நான் மழையில நின்னு எல்லாருக்கும் பதில் சொல்லணும். நைட்டு பண்ணிக்கோ."

"சரி ஆன்ட்டி. லாங்கிகிட்ட சொல்லுங்க, அரை மணியில வந்துடுவேன்னு."

"தினம் சொல்றதுதானே," என்றார் ஆன்ட்டி. கோபமாகச் சொல்லவில்லை. பிறகு வைத்துவிட்டார்.

அவர் சொன்னதும் நியாயம்தான். ஓடுகிற வண்டிக்குச் சக்கரம் மாற்றக் கூடாது. டிராப்டவுனை மூடினான். மூடும்போது அந்த வெற்று வரிகள் மற்றவற்றோடு சேர்ந்து மடங்காமல் ஒரு கணம் பின்தங்கி மறைந்ததுபோல் இருந்தது. கண்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு, கம்பெனியிலிருந்து வந்து குவிந்திருந்த செய்திகளைத் திறந்தான். ஒன்றுக்குப் பதில் போட்டால் இரண்டு வந்தது. முதலாளி ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றச் சொன்னார், பிறகு பழைய நிறமே நன்றாக இருந்தது என்றார். விலியாமு இரண்டையும் செய்தான். இதில் எதற்கும் அவனுக்குக் கோபம்கூட வரவில்லை, கோபப்படவும் தெம்பு வேண்டும்.

நிமிர்ந்து பார்த்தபோது ஜன்னல் முழுக் கறுப்பாகியிருந்தது. பன்கள் கருகும் வாடை. எழுந்து அடுப்பை அணைத்து, பன்களை எடுத்து மேசையில் வைத்தான். சத்தியம் செய்தது ஞாபகம் வந்தது. சாவியை எடுத்துக்கொண்டே, எத்தனை பிள்ளைகள் மிச்சம் இருக்கிறார்கள் என்று திரையைப் பார்த்தான். அதற்கென்று டிராப்டவுன் இல்லாத தனிப் பக்கம் ஒன்று வைத்திருந்தான்: யார் கூட்டிப்போகிறார்களோ, பிள்ளையின் பெயர் வகுப்பிலிருந்து நகர்ந்து அவர்களுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். எந்தப் பிள்ளை யாரிடம் என்று சலோமே ஆன்ட்டி ஒரே பார்வையில் தெரிந்துகொள்வதற்காக.

லாங்கியின் வகுப்பில் அவள் பெயர் இல்லை.

கீழே இறங்கினான். 'சஃபோத்து - தோலோவா'. விலியாமு. ஃபியா. டெஸ்ட் அங்கிள். அதன் கீழே, உள்ளே தள்ளி, லாங்கி. அவளுக்கும் கீழே வெற்று வரிகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட உள்ளே உள்ளே போய், கடைசி வரிகள் திரையின் வலது ஓரத்தைத் தாண்டியிருந்தன.

ஆன்ட்டியை அழைத்தான்.

"லாங்கி எங்க ஆன்ட்டி?"

"எங்கன்னா? கிளம்பிட்டாளே. உங்க அங்கிள் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு."

"எந்த அங்கிள்?"

"என்னைக் கேட்டா? உன் குடும்பம், நீ ஏத்துன பேரு. தொட்டாரு, பச்சை விளக்கு வந்துச்சு, அனுப்பிட்டேன். நீதானே சொன்ன, பச்சை வந்தா அனுப்பிடுங்கன்னு."

"ஆள் எப்படி இருந்தார்?"

"உசரமா இருந்தாரு. சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தாரு. முகத்த நான் சரியா பாக்கலடா, வாசல்ல வெளிச்சம் இல்ல. ஆனா சும்மா அனுப்பல. டேப்லெட்ல வந்த படத்தோட ஒத்துப் பாத்துட்டுத்தான் அனுப்புனேன். அப்படியேதான் இருந்தாரு."

"லாங்கி... அவ ஒண்ணும் சொல்லலையா?"

"சந்தோஷமா போனா. இன்னைக்குச் சீக்கிரமே ஆள் வந்துடுச்சேன்னு துள்ளிக்கிட்டே போனா. கைய அவளேதான் பிடிச்சுக்கிட்டா. ஏன்டா, என்ன ஆச்சு? விலியாமு?"

வெளியே கேட் திறந்தது.

அந்தக் கேட்டின் கீல் எப்போதும் முனகும். முனகியது. ஆனால் மூடவில்லை. சிமென்ட் பாதையில் காலடிகள் வந்தன. சிறிய காலடி ஒன்று, அவனுக்கு மனப்பாடமான காலடி, ஒரு காலை லேசாகத் தேய்த்து நடக்கிற லாங்கியின் நடை. அதன் பக்கத்தில் கனமாக ஒன்று. அதன் பின்னால் இன்னொன்று. பின்னால் இன்னும். வாசற்படியில் செருப்புகளைக் கழற்றிப் போடும் சத்தம் கேட்டது, ஈரமான ரப்பர் சிமென்டில் விழும் தட், தட் என்ற சத்தம். ஒரு ஜோடி. இன்னொரு ஜோடி. விருந்துக்கு வந்தவர்கள் ஒருவர் கழற்றும்வரை மற்றவர் காத்திருப்பதுபோல, அவசரமில்லாமல், தட், தட். அது நின்றபாடில்லை. நனைந்த கம்பளத்தின் வாடை சமையலறைக்குள் வந்து கருகிய சர்க்கரையின் மணத்தை விழுங்கியது.

முன்னறைக் கதவு திறந்தது. காற்று வந்தது.

லாங்கி சமையலறைக்குள் வந்தாள். பின்னல் அவிழ்ந்து முடி முகத்தில் ஒட்டியிருந்தது. சிரித்தாள், முன்பல் விழுந்த இடம் தெரிந்தது. அவன் மண்டியிட்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டான். குளிர்ந்திருந்தாள், ஆனால் அவள்தான். அவள் வாசம்தான், கிரேயானும் வியர்வையும்.

"அப்பா, விடுங்கப்பா. ஆளுங்க வந்திருக்காங்க."

"யாரு வந்தாலும் பரவாயில்ல. வா, பின்கதவு வழியா கார்ல போவோம்."

"அவங்களுக்குச் சாப்பாடு குடுக்கணும்ப்பா. காக்க வச்சா அம்மா திட்டுவாங்க."

அவன் பிடியிலிருந்து மீன் மாதிரி நழுவினாள். கருகிய பன்களைத் தட்டில் வைத்தாள். ஃபியா பழக்கியிருந்த மாதிரியே, இரண்டு கையாலும் தட்டை ஏந்திக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அவன் பின்னாலேயே ஓடினான். நிலைவாசலில் நின்றுவிட்டான்.

விளக்கு போடவில்லை. ஆனாலும் தெரிந்தது.

சோபாவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த பாய்கள் எல்லாம் விரித்திருந்தன. அவற்றின்மேல் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வரிசை வரிசையாக, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெரியவர்கள் வந்த வீட்டில் உட்காருகிற அடக்கத்தோடு. சாம்பல் நிறத் தலைகள். சாம்பல் நிறத் தோள்கள். மார்புக்குக் கீழே ஒன்றும் இல்லை, பாயின்மேல் வழவழவென்று முடிந்திருந்தார்கள். முதல் வரிசையில் ஒருவர். அடுத்ததில் இருவர். அதற்கு அடுத்ததை எண்ண முடியவில்லை. எதிர்ச்சுவரில் சிப்பி மாலை போட்டு மாட்டியிருந்த குடும்பப் படங்களைத் தேடினான். படங்கள் இல்லை. சுவர் இல்லை. சுவர் இருக்க வேண்டிய இடத்துக்கு அப்பாலும் பாய்கள் போய்க்கொண்டிருந்தன, ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிடச் சற்று உள்ளே தள்ளி.

லாங்கி அவர்கள் நடுவில் இடுப்பை வளைத்துக் குனிந்து போனாள். உட்கார்ந்திருப்பவர் முன்னால் நடக்கும்போது சொல்ல வேண்டிய மன்னிப்புச் சொல்லைச் சொல்லிக்கொண்டே போனாள்.

"துலோ. துலோ."

"லாங்கி, திரும்பி வா."

"வரேன்ப்பா. இன்னும் கொஞ்சம் பேருதான்."

அவன் ஒரு கால் எடுத்து வைத்தான். முதல் வரிசையில் இருந்த உயரமான தோள் அவன் பக்கம் மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது. திரும்பியும் அதே வழவழப்பு. முன்னும் பின்னும் ஒன்றே. லாங்கியின் குரல் நான்காவது வரிசையிலிருந்து வந்தது. பிறகு அதற்கும் அப்பாலிருந்து.

நான்தானே உள்ளே விட்டேன், என்று நினைத்தான். என்னால் வெளியே அனுப்ப முடியும்.

சமையலறைக்கு ஓடினான். லேப்டாப். டெஸ்ட் அங்கிள். நீக்கு. ஒரு பெட்டி எழும்பியது, இரண்டு வரி எழுத்து, ஆம், இல்லை. இப்படி ஆயிரம் பெட்டிகளை இந்தக் கைகள் பார்த்திருக்கின்றன. எதையும் வாசித்ததில்லை. விரல் தானாகப் போனது.

ஆம்.

கூரையில் மழை மட்டும். செருப்புச் சத்தம் இல்லை. வாடை இல்லை. போய்விட்டார்கள். மேசையைப் பிடித்துக்கொண்டான். அப்பாடா என்று மூச்சு வெளியே வந்தது.

அப்போதுதான் அந்தப் பெட்டியில் இருந்த எழுத்து மனதுக்குள் வந்து நின்றது. அவனே எழுதியதுதான். ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போனால் ஆன்ட்டி ஒவ்வொரு பெயராக அழித்துக்கொண்டிருக்க வேண்டாமே என்று, நல்லெண்ணத்தோடு எழுதியது.

இதன் கீழே உள்ள எல்லாமும் சேர்ந்தே நீக்கப்படும்.

"லாங்கி?"

முன்னறை விளக்கைப் போட்டான். சோபா. சுருட்டிய பாய்கள். சுவர், சுவரில் படங்கள், சிப்பி மாலைகள். ஃபியாவும் அவனும் நிற்கும் படத்தில் ஃபியாவின் இடுப்பில் பிள்ளை இல்லை, தாங்கிய கை மட்டும் வளைந்திருந்தது. கம்பளம் காய்ந்து கிடந்தது. வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. அவளுடையதும் இல்லை.

பெயர் சொல்லிக் கத்தினான். கத்தக் கத்த அந்தப் பெயர் வாயில் புதிதாக இருந்தது, யாரோ சொல்லிக்கொடுத்த பெயர் மாதிரி. அதை விட்டுவிடக் கூடாது என்று பயந்து திரும்பத் திரும்பச் சொன்னான். லாங்கி. லாங்கி. லாங்.

அறையின் நடுவில், அவன் முழங்கால் உயரத்தில், ஒரு மூச்சு கேட்டது.

ஒரு காலை லேசாகத் தேய்த்து நடக்கிற நடை. காலி அறையில் அவனை நோக்கி வந்தது. கருகிய சர்க்கரையின் மணம் வந்தது. அவன் மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினான். அது அவன் முன்னால், கைக்கு எட்டும் தூரத்தில், குனிந்தபடி நின்றது. தெரியாத பெரியவர்களிடம் அவள் பேசுகிற அந்த மெல்லிய மரியாதையான குரலில் சொன்னது.

"துலோ, அங்கிள்."

சொல்லிவிட்டு அவனைச் சுற்றிக்கொண்டு, சுவர் இருக்கும் பக்கமாக நடந்து போனது.